வெகுளியின் இரண்டு மொழிகள்: பொறாட்டு மேடையிலிருந்து தொலைக்காட்சித் தொடர் வரை

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், நகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு என்கிறது. அவற்றுள் முதலாவது எள்ளல். இறுதி இரண்டும் பேதைமையும் மடனும். உரைமரபு பேதைமையை அறிவின்மை என்றும், மடனைப் பிறர் உணர்த்தியதை அவ்வாறே ஏற்று, ஏற்றதை விடாது பற்றி நிற்றல் என்றும் பிரித்து விளக்குகிறது. ஒன்றும் அறியாதவனைக் கண்டு சிரிப்பதும், சொன்ன சொல்லை முழுமையாக நம்பியவனைக் கண்டு சிரிப்பதும், பிறனை இழித்துச் சிரிப்பதும் மூன்று வெவ்வேறு சிரிப்புகள் என்பது நம் இலக்கண மரபு கண்ட உண்மை. (அதே மெய்ப்பாட்டியலில் 'வெகுளி' என்பது சினத்தைக் குறிக்கும். இன்றைய வழக்கில் அச்சொல் கள்ளமற்றவரைக் குறிப்பதால், அப்பொருளிலேயே இங்குக் கையாள்கிறேன்.)

தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களில் நிலைபெற்றுவிட்ட நல்லுள்ளம் படைத்த வெகுளிப் பாத்திரத்தை இந்த மூன்று சிரிப்புகளின் வழியாக அணுகலாம் என்பதும், அப்பாத்திரத்தின் வரலாற்றைப் பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகளிலிருந்து பார்த்தால் வேறொரு சித்திரம் கிடைக்கும் என்பதும் இப்பதிவின் வாதம்.

முதலில் அமெரிக்கத் தொடர்களைக் காண்போம். 1960களில் 'தி ஆண்டி கிரிஃபித் ஷோ' தொடரில் பெட்ரோல் நிலைய ஊழியராகத் தோன்றிய கோமர் பைல், 1964 முதல் 1969 வரை தனித்தொடர் ஒன்றின் நாயகனானார். 1982இல் தொடங்கிய 'சியர்ஸ்' தொடரில் 'கோச்' என்னும் முதியவர் இருந்தார். அவ்வேடம் ஏற்ற நிக்கலஸ் கொலசாண்டோ 1985இல் மறைந்தபின், இந்தியானா மாநிலத்து நாட்டுப்புறத்திலிருந்து வந்த உட்டி அவ்விடத்தை நிரப்பினார். ஒரு வெகுளி மறைந்ததும் இன்னொரு வெகுளியைத் தேடவேண்டிய கட்டாயம் தொடருக்கு இருந்தது. 1985 முதல் 1992 வரை ஒளிபரப்பான 'தி கோல்டன் கேர்ள்ஸ்' தொடரில் பெட்டி ஒயிட் ஏற்ற ரோஸ், மின்னசோட்டாவின் செயிண்ட் ஓலஃப் என்னும் சிற்றூர்க் கதைகளை ஓயாது சொல்லிக்கொண்டிருப்பார்.

இவர்கள் அனைவரிடமும் ஒரு மொழியியல் பொதுமை உண்டு. மொழித் தத்துவவாதி பால் கிரைஸ், உரையாடல் என்பது பேசுவோர் ஒருவரோடொருவர் ஒத்துழைக்கும் செயல் என்றார். உண்மையைச் சொல், தேவையான அளவு சொல், தொடர்புடையதைச் சொல், தெளிவாகச் சொல் என்னும் எதிர்பார்ப்புகள் அதில் உள்ளுறைந்துள்ளன. 1975இல் அச்சேறிய அக்கட்டுரையின்படி, இந்த எதிர்பார்ப்புகளை வேண்டுமென்றே மீறுவதன் வழியாகவே நாம் குறிப்புப்பொருளை உணர்த்துகிறோம். வெகுளிக்கு அந்த மீறல் புலப்படுவதில்லை. எதிரில் நிற்பவர் உண்மையே பேசுகிறார் என்று அவர் நம்புகிறார். அவரது அறியாமையும் நல்லுள்ளமும் ஒரே வேரிலிருந்து கிளைப்பவை. பிறர் வஞ்சகமாகப் பேசக்கூடும் என்று கருதாதவர் குறிப்பைப் பிடிக்கத் தவறுகிறார். அதே காரணத்தால் அவரால் எவரையும் வெறுக்கவும் இயலவில்லை. தொல்காப்பிய வழியில் இது மடனின் பாற்பட்ட நகை.

இரண்டாம் வகை வெகுளி பிரித்தானியத் தொடரான 'ஃபால்ட்டி டவர்ஸ்' வழங்கிய மானுவல். 1975, 1979 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த 12 பகுதிகளில், பார்சலோனாவிலிருந்து வந்த இந்த உணவுவிடுதிப் பணியாளர் ஆங்கிலம் விளங்காமல் அடிவாங்குகிறார். இவரும் நல்லவர், உழைப்பாளி, முதலாளியிடம் பற்றுடையவர். ஆயினும் இவரது வெகுளித்தனம் இவரது மனத்தின் இயல்பன்று. இரண்டு மொழிகளுக்கிடையே உள்ள தொலைவு அதை உண்டாக்குகிறது. ஸ்பெயினில் இத்தொடரை மொழிமாற்றியபோது மானுவலை இத்தாலியராக மாற்றினார்கள். கட்டலான் மொழிக்கு வந்தபோது அவர் மெக்சிகோக்காரர் ஆனார். தன் ஊர்க்காரனை அவ்விடத்தில் வைத்துச் சிரிக்க எந்த ஊரும் விரும்புவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

1977இல் தொடங்கிய 'மைண்ட் யுவர் லாங்குவேஜ்' ஒரு வகுப்பறை முழுவதையும் இவ்வாறானவர்களால் நிரப்பியது. அதன் இந்திய வடிவமான 'ஜபான் சம்பால்கே' 1993இல் தூர்தர்ஷனில் வெளியானபோது, ஆங்கிலத்தின் இடத்தில் இந்தி அமர்ந்தது. இந்தியைத் தவறாகப் பேசும் பிறமொழியாளர்கள் மாணவர் வரிசையில் அமர்ந்தார்கள். அதிகாரமுடைய மொழி மாறிற்று. நகைப்பின் அமைப்பு மாறவில்லை. இங்கு மடன் என்னும் போர்வைக்குள் எள்ளல் புகுந்துவிடுகிறது.

இனிப் பாலக்காட்டுக்கு வருவோம். மேற்குத்தொடர்ச்சி மலையின் இடைவெளியில் அமைந்த இப்பகுதியில் தமிழும் மலையாளமும் நெடுங்காலமாக உடனுறைகின்றன. இங்குள்ள பகவதி கோயில்களின் தோற்பாவைக்கூத்தில் புலவர்கள் கம்பராமாயணப் பாடல்களைப் பாடித் தமிழும் மலையாளமும் வடமொழியும் கலந்த உரையால் விளக்குகிறார்கள். சித்தூர், ஆலத்தூர் வட்டாரங்களில் பாணர் சமூகத்தார் நிகழ்த்தும் பொறாட்டு நாடகமோ முழுமையான நகைச்சுவைக் கலை. தாசி, குறத்தி, மண்ணான்–மண்ணாத்தி முதலிய பாத்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மேடைக்கு வருகின்றன. பாட்டும் பேச்சும் தமிழுக்கும் மலையாளத்துக்கும் இடையே தடையின்றிப் போய்வருகின்றன.

இந்நாடகத்தின் அச்சாணி 'சோத்தியக்காரன்', அதாவது கேள்வி கேட்பவன். மேடைக்கு வரும் ஒவ்வொருவரிடமும் நீ யார், எங்கிருந்து வருகிறாய், எதற்காக வந்தாய் என்று எதுவுமறியாதவனைப்போல் வினவுவது அவனது பணி. சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொண்டு மேலும் ஒரு கேள்வி கேட்பான். அவனது கேள்வியால்தான் பாத்திரங்களின் வாழ்வும் வழக்கும் சபைக்குத் தெரியவருகின்றன. அவன் சூத்திரதாரியும் விதூஷகனும் சேர்ந்த உரு. அவனது அறியாமை ஏற்றுக்கொண்ட வேடம். உண்மையில் மேடையிலுள்ள அனைவரைக் காட்டிலும் அதிகம் அறிந்தவன் அவனே.

இவனுக்கு உறவினர் பலர் உள்ளனர். தெருக்கூத்தின் கட்டியங்காரன், அரசனையே நீ யார் என்று கேட்கும் உரிமை பெற்றவன். திரிகூடராசப்பக் கவிராயரின் திருக்குற்றாலக் குறவஞ்சியில் சிங்கன், நெடுநாள் பிரிவுக்குப்பின் கண்ட சிங்கியின் அணிகலன்களை ஒவ்வொன்றாகச் சுட்டி இது என்ன என்று வியந்து கேட்கிறான். அவள் ஒவ்வொன்றுக்கும் விடை தருகிறாள். வெகுளியின் வினாவும் அறிந்தவளின் விடையுமாக அமைந்த அந்த வடிவம் பொறாட்டின் வடிவத்தோடு ஒத்திருப்பதை ஒப்பிட்டு ஆராய இடமுண்டு. கேரளத்துக் கூடியாட்டத்திலோ செய்தி இன்னும் தெளிவாக உள்ளது. வடமொழியும் பிராகிருதமும் ஒலிக்கும் அம்மேடையில் மலையாளத்தில் பேசி, பார்வையாளருக்குப் பொருள் விளக்கும் உரிமை விதூஷகனுக்கு உண்டு.

இவற்றைத் தொகுத்து நோக்கினால் ஒன்று புலனாகும். நம் மேடை மரபில் வெகுளி என்பவன் மொழிகளின் எல்லையில் நிற்பவன். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பொருளைக் கடத்துபவன். சபையும் அவனைப்போன்றே இரண்டு மொழிகளையும் அறிந்த சபை. தெரிந்துகொண்டே தெரியாதவன்போல் நடிக்கும் அவனது ஆட்டத்தில் அவர்களும் பங்காளிகள்.

இந்த நிலை எவ்வாறு மாறிற்று? 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, மலபார் மாவட்டத்தின் பகுதியாகிய பாலக்காடும், கொச்சி அரசின் பகுதியாக இருந்த சித்தூரும், திருவிதாங்கூரின் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் அடங்கின. தொலைக்காட்சி பின்னாளில் இதே எல்லைக்கோட்டின்மீது தன்னை அமைத்துக்கொண்டது. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975இல் தொடங்கியது. திருவனந்தபுரத்திலிருந்து மலையாள ஒளிபரப்பு 1985இல் தொடங்கியது. 1993 ஏப்ரலில் சன் தொலைக்காட்சியும் அதே ஆண்டு ஆகஸ்டில் ஏஷியாநெட்டும் வந்தன. ஓர் அலைவரிசைக்கு ஒரு மொழி, ஒரு சந்தை என்பது விதியாயிற்று.

இந்த அமைப்பில் பொறாட்டின் நகைச்சுவைக்கு இடமில்லை. இரண்டு மொழிகளையும் அறிந்தோர் மட்டுமே சுவைக்கக்கூடிய சொல்விளையாட்டு, கொல்லத்திலோ கும்பகோணத்திலோ அமர்ந்திருக்கும் பார்வையாளரைச் சென்றடையாது. அவருக்கு எளிதில் எட்டுவது உச்சரிப்பு ஒன்றே. ஆகவே தமிழ்த் திரையில் இழுத்துப் பேசும் மலையாளத் தேநீர்க்கடைக்காரரும், மலையாளத் திரையில் உரத்துப் பேசும் தமிழ் 'அண்ணாச்சி'யும் வார்ப்புருக்களாயினர். திரைப்படத்தில் உருவான இவ்வார்ப்புகள் சின்னத்திரை நகைச்சுவைக்கும் வந்துசேர்ந்தன. இவர்களைப் பெரும்பாலும் நல்லவர்களாகவே காட்டுகிறார்கள். அந்த நல்லதனம் எள்ளலின் கூர்மையை மழுங்கச் செய்து, சிரிப்பவரின் மனச்சான்றை அமைதிப்படுத்துகிறது.

இவ்வகை நகைச்சுவை நம்பியிருக்கும் சொற்கள் சில. மலையாளத்தில் 'வெள்ளம்' என்பது குடிநீர், தமிழில் ஆற்றுப்பெருக்கு. மலையாளத்தில் 'சம்சாரம்' பேச்சு. தமிழ்ப் பேச்சுவழக்கில் மனைவி. 'அவசரம்' அங்கே வாய்ப்பு, இங்கே விரைவு. 'பட்டி' அங்கே நாய். இங்கே ஆண்டிப்பட்டி, உசிலம்பட்டி என எண்ணற்ற ஊர்ப்பெயர்களின் ஈறு. இச்சொற்களில் தடுமாறி விழும் வெகுளியைத் திரை எல்லைப்பகுதியிலிருந்து வந்தவராகக் காட்டும்போது ஒரு பெரும் முரண் நிகழ்கிறது. வாளையாற்றிலோ மீனாட்சிபுரத்திலோ குமுளியிலோ கடைவீதியில் பேசிப் பிழைப்பவர் இச்சொற்களில் தடுமாறுவதில்லை. யாரிடம் எந்தப் பொருளில் எந்தச் சொல்லை ஆளவேண்டும் என்பது அவருக்குப் பாலபாடம். தடுமாறுபவர் ஒரு மொழி மட்டுமே அறிந்த தலைநகரத்தார். இரண்டும் அறிந்தவரை இரண்டும் அறியாதவராகக் காட்டுவதே இந்நகைச்சுவையின் அடிப்படை. மொழியியலில் குறியீட்டு மாற்றம் என்று நாம் அழைக்கும் திறனைத் திரை பிழை என்று பெயரிட்டு விற்கிறது.

இது வெறும் சுவை வேறுபாடன்று. ஒருவரது பேச்சுமுறையை நகைப்புக்குரியதாகக் கேட்டுப் பழகிய செவி, அவரது கோரிக்கையையும் அவ்வாறே கேட்கத் தலைப்படும். மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் வழியாகக் கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கு உழைக்கிறார்கள். 2015 செப்டம்பரில், 20 விழுக்காடு ஊக்கத்தொகை கோரி அப்பெண்கள் வேலைநிறுத்தம் செய்தனர். தொழிற்சங்கங்களின் ஆண் தலைவர்களை ஒதுக்கிவைத்து, 'பெண்பிளை ஒருமை' என்னும் பெயரில் ஒன்றுதிரண்டனர். மலையாளச் செய்தி அலைவரிசைகளின் ஒலிவாங்கிகளுக்கு முன்னால் தமிழும் மலையாளமும் கலந்த தங்கள் பேச்சிலேயே அவர்கள் பேசினார்கள். கொழுந்து பறிக்கும் எங்களுக்கு ஏன் இவ்வளவு குறைவு, எங்கள் பெயரால் பேசுவோர் எங்களுக்குச் செய்தது என்ன என்பவை அவர்கள் எழுப்பிய கேள்விகள். ஒன்பது நாள் போராட்டத்துக்குப்பின் ஊக்கத்தொகையும் கருணைத்தொகையும் சேர்ந்து 20 விழுக்காடு என்று உடன்பாடு ஏற்பட்டது. அந்நாட்களில் எவரும் அவர்களது உச்சரிப்பைக் கேட்டுச் சிரிக்கவில்லை. எளிய வினாவைக் கேட்டு, அறிந்தோரை விடைசொல்ல வைக்கும் சோத்தியக்காரனின் உரிமையை அவர்கள் மீட்டெடுத்தார்கள் என்று நான் வாசிக்கிறேன்.

பொறாட்டு மேடையைப் பொற்காலமாகக் கருதவும் வேண்டியதில்லை. அங்கு வரும் பாத்திரங்கள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினரின் சித்திரிப்புகள். பெண் வேடங்களை ஆண்களே ஏற்றனர். எள்ளல் அங்கும் உண்டு. ஆயினும் அங்குக் கேள்விக்கு உள்ளானவருக்குப் பதிலுரைக்க மேடையும் நேரமும் இருந்தன. பல வேளைகளில் குறத்தியின் விடையே சோத்தியக்காரனை வாயடைக்கச் செய்யும். தொலைக்காட்சியிலும் அந்த மரபு முற்றாக அற்றுப்போய்விடவில்லை. மழவில் மனோரமாவில் 2011இல் தொடங்கிய 'மறிமாயம்', அரசு அலுவலகத்துக்கு வரும் எளிய மனிதரின் சாதாரணக் கேள்வியைக்கொண்டே அலுவலகத்தின் பொய்மையை வெளிப்படுத்துகிறது. அங்கே வெகுளி கேட்கிறார். சிரிப்பு அதிகாரத்தின்மேல் விழுகிறது.

எனவே நகைச்சுவைத் தொடர்களை ஆராய முற்படும் மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெகுளிப் பாத்திரம் ஒன்றைக் காணும்போது மூன்று வினாக்களை எழுப்பிப் பாருங்கள். அவர் சொல்லை நம்பியதால் தவறினாரா, மொழி தெரியாதவராகக் காட்டப்பட்டதால் தவறினாரா? கேள்வி கேட்கும் உரிமை அவருக்கு உண்டா? அவரது மொழி பேசுவோர் அந்தக் காட்சியின் பார்வையாளராகக் கருதப்பட்டுள்ளனரா? பின்னர், இயலுமாயின், சித்தூர்ப் பக்கம் பொறாட்டு நடக்கும் ஓர் இரவு முழுவதும் விழித்திருந்து, எந்த மொழியில் வந்த வரிக்குச் சபை சிரிக்கிறது என்று குறித்துவாருங்கள். இருமொழிச் சிரிப்பின் இலக்கணத்தை எழுதுவதற்கான தரவு அந்தச் சபையில்தான் இருக்கிறது.