கோவா பொடியும் கதர் டாக்டரும்

சொரியாசிஸ்... தோல் சிவந்து தடித்து, மேலே வெள்ளி நிறத்தில் செதில் செதிலாக உதிர்கிற நோய். சித்த வைத்தியர்கள் காளாஞ்சகப்படை என்பார்கள். தொட்டால் ஒட்டாது. ஆனால், ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் இதையும் தொழுநோயையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினார்கள். 1841-ல்தான் வியன்னா டாக்டர் ஹீப்ரா, இது வேறு, அது வேறு என்று தெளிவாகப் பிரித்துவைத்தார்.

சரி, மருந்து? தாமஸ் ஃபௌலர் என்ற ஆங்கில டாக்டர் 1786-ல் காய்ச்சலுக்காக ஒரு கரைசலைப் பிரபலமாக்கினார். அதில் இருந்தது ஆர்சனிக். ஆமாம், பாஷாணமேதான்! பிற்பாடு சொரியாசிஸுக்கும் அதையே சொட்டுச் சொட்டாகக் குடிக்கக் கொடுத்தார்கள். படை மறைந்தது. வருடக்கணக்கில் குடித்தவர்களுக்கு உள்ளங்கையில் காய்ப்புகள் வந்தன. சிலருக்கு அது புற்றுநோயாகவே மாறியதை லண்டன் டாக்டர் ஹட்சின்ஸன் 1887-ல் எடுத்துச் சொன்னார்.

இதற்கு நடுவே ஒரு தற்செயல்! பிரேசில் காட்டு மரம் ஒன்றின் உள்ளே மஞ்சள் நிறப் பொடி கிடைக்கும். போர்ச்சுகீசியர்கள் அதைக் கோவாவுக்குக் கொண்டுவர, 'கோவா பொடி' என்றே பெயர் நிலைத்துவிட்டது. படர்தாமரைக்குப் பூசுவார்கள். 1876 வாக்கில், படர்தாமரை என்று நினைத்து இந்தப் பொடியைப் பூசியதில் ஒருவருக்கு சொரியாசிஸ் அடங்கியது. லண்டன் தோல் டாக்டர் பால்மன்னோ ஸ்குவயர் அதை 'கப்'பென்று பிடித்துக்கொண்டார். முதல் உலகப்போரில் பொடி வரத்து நின்றுபோக, 1916-ல் ஜெர்மானியர்கள் அதற்கு மாற்றாகச் செயற்கையாகத் தயாரித்ததுதான் டித்ரனால் களிம்பு. சட்டை, துண்டு எல்லாம் கறையாகும். ஆனாலும் வேலை செய்தது. 1925-ல் அமெரிக்க டாக்டர் கோக்கர்மன், நிலக்கரித் தாரைப் பூசி, புற ஊதா ஒளியைக் காட்டும் சிகிச்சையைக் கொண்டுவந்தார்.

அடுத்த தற்செயலில் நம் சென்னைக்கும் பங்கு உண்டு. எல்லாப்பிரகட சுப்பாராவ் - மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ் மாணவர். காந்தி சொன்னாரென்று கதர்த் துணியில் ஆபரேஷன் அங்கி அணிந்து போக, வெள்ளைக்காரப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. விளைவு... எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை. அதைவிடச் சின்ன எல்.எம்.எஸ். பட்டம்தான் கையில்! அமெரிக்கா போன சுப்பாராவின் குழு, ஃபோலிக் அமிலத்தைத் தயாரித்தது. அடுத்து, அதற்கு ஒரு 'கள்ள நோட்டு'! வேகமாகப் பெருகும் செல்கள் இதை நிஜ ஃபோலிக் அமிலம் என்று நம்பி ஏமாந்து, பெருக முடியாமல் நின்றுவிடும். அதன் பெயர் அமினோப்டெரின். ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள்.

1948-ல் சுப்பாராவ் இறந்தார். 1951-ல் கப்னர் என்ற டாக்டர், மூட்டுவாத நோயாளிகளுக்கு அமினோப்டெரின் கொடுத்துப் பார்த்தபோது, கூடவே இருந்த சொரியாசிஸ் மறைவதைக் கவனித்தார். அமினோப்டெரினின் தம்பியான மெதோட்ரெக்ஸேட் இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுகிறது. ஒரு எச்சரிக்கை: சொரியாசிஸுக்கு அது வாரம் ஒரு முறை மட்டுமே. தவறிப்போய் தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. கர்ப்பிணிகள் தொடவே கூடாது.

இன்றைக்குக் களிம்பு, ஒளி சிகிச்சை, மாத்திரை, விலை அதிகமான 'பயலாஜிக்' ஊசி என்று வழிகள் நிறைய. அடியோடு ஒழிக்கும் மருந்து இன்னும் வரவில்லை. 'நிரந்தர குணம்' என்று சுவரில் நோட்டீஸ் ஒட்டுகிறவரை நம்பி, ஓடிக்கொண்டிருக்கும் மருந்தை நிறுத்திவிடாதீர்கள். ஆனால், பெரும்பாலானவர்களுக்கு நோயைக் கட்டுக்குள் வைக்க முடியும்.

கட்டுக்குள் வராதது வேறொன்று. சொரியாசிஸ்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் சீட் மாறி உட்காருகிறோமே... வியன்னாவில் 1841-லேயே தீர்ந்த குழப்பம், நம்ம ஊர் டவுன் பஸ்ஸில் இன்னும் தீர்ந்தபாடில்லை!