கண்டிச்சீமை வீட்டுமொழிகள்

எமது வீடுகளில் மூதாட்டியர் வாயில் வழங்கும் பழமொழிகளுட் பெரும்பாலானவை கண்டியிற் பிறந்தவை அல்ல. கடல் கடந்து, காடு கடந்து, கால்நடையாக வந்தவை அவை. வந்த வழியில் எங்கள் ஊரும் ஒன்றாதலின், இதனைச் சிறிது ஆராய்வது பொருத்தமென்று கருதுகிறோம்.

கட்டுகஸ்தோட்டை என்பது சிங்களப் பெயர். முள்மரங்கள் நின்ற ஆற்றுத்துறை என்பது அதன் பொருள். மாத்தளையிலிருந்து கண்டிக்கு வரும் வீதி மகாவலி கங்கையைக் கடப்பது இங்கேதான். 1820களில் கம்பளைப் பக்கத்திலும் பேராதனைக்கு அருகே கன்னொறுவையிலும் கோப்பித் தோட்டங்கள் தொடங்கின. அவை பெருகியபோது இராமநாதபுரம், மதுரை, திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம் முதலிய இடங்களிலிருந்து மக்கள் வந்தனர். மன்னார்ப் பக்கத்துக் கரையில் இறங்கித் தம்புள்ளை, மாத்தளை வழியாக நடந்தனர். கொலராவாலும் பசியாலும் வழியிலே மாண்டவர் பல்லாயிரவர். மாத்தளையைத் தாண்டிக் கண்டிக்கு நடந்தவர்கள் இந்த ஆற்றையும் தாண்டியாகவேண்டும். கண்டிக்குப் புகையிரதம் வந்தது 1867இல். மாத்தளைப் பாதை திறந்தது 1880இல்.

“ஆற்றைக் கடக்கும் மட்டும் அண்ணன் தம்பி, கடந்தபின் நீ யாரோ நான் யாரோ” என்பதைக் கேட்கும்போது எமக்கு மகாவலியே நினைவுக்கு வருகிறது. ஆயினும் அது இவ்விடத்து மொழி என்று உரிமை கொண்டாடலாகாது. தமிழகம் எங்கும் வழங்குவது அது. “ஆடிப்பட்டம் தேடி விதை” என்பதும் அவ்வாறே. தேயிலைச் செடிக்கு ஆடியும் தெரியாது, விதைப்பும் தெரியாது. மலைநாட்டின் மேற்குச் சரிவில் ஆடி என்றால் தென்மேற்குப் பருவமழை. காணி ஓரடியும் இல்லாத லயத்துக் குடும்பங்கள் நான்கைந்து தலைமுறையாக இந்த உழவுமொழியை விடாமற் சொல்லி வந்திருக்கின்றன. உழுத நிலம் போயிற்று. உழவன் பேச்சு மட்டும் வீட்டிலே தங்கிற்று.

இங்கே விளைந்த மொழி என்று துணிந்து சொல்லத்தக்கது ஒன்று உண்டு. “தேயிலைத் தூருக்கடியில் தேங்காயும் மாசியும்” என்பது அது. கண்டிச்சீமையில் தேயிலைச் செடியின் அடியைக் கிளறினால் தேங்காயும் மாசிக் கருவாடும் கிடைக்கும் என்று ஆசைகாட்டி ஆள் சேர்த்தார்கள் என்பது வழிவழிக் கதை. இன்றும் வெறும் வாக்குறுதி கொடுப்பவரைக் கண்டால் பெரியவர்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். இதிலுள்ள ‘தேயிலை’ என்ற சொல்லைச் சற்றுக் கவனியுங்கள். ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டது 1867இல். கோப்பியில் இலைநோய் கண்டது 1869இல். தேயிலை மலையெங்கும் பரவியது அதன் பின்னரே. ஆகவே இம்மொழி, இன்று நாம் கேட்கும் வடிவில், மன்னாரிலிருந்து நடந்துவந்த முதற் கூட்டத்தாருடையதாக இருக்கமுடியாது. கோப்பிக்கு வந்தவர்களிற் பலர் அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பினர். தேயிலையோ ஆண்டு முழுவதும் கைகளைக் கேட்டது. குடும்பமாக வந்தவர் இங்கேயே தங்கினர். திரும்பிப்போக வழியற்றவர்கள் தம்மையே நகைத்துச் சொன்ன மொழி என்பது எமது துணிபு.

தொழிலிலிருந்து வந்த சொற்களுள் எம்மை மிகவும் வருத்துவது ‘பேர்’. விடியற்காலையிலே பிரட்டுக்களத்தில் கூடவேண்டும். ஆங்கிலத்தில் அணிவகுப்பைக் குறிக்கும் ‘பரேட்’ என்ற சொல் எம்மவர் நாவில் ‘பிரட்டு’ ஆயிற்று. அங்கே பெயர் பதிந்தாற்றான் அன்றைய வேலை, அன்றைய கூலி. அதனால் ஒருநாட் கூலிக்கே ‘பேர்’ என்று பெயராயிற்று. கொழுந்து நிறை குறைந்தால் ‘அரைப்பேர்’. பெற்றோர் ஆசையாக இட்ட பெயரைத் தராசிலே வைத்துப் பாதியாக்கும் வழக்கத்தை வேறெங்கே காண்போம்! ‘துண்டு’ என்பதும் இத்தகையதே. தொழிலாளியின் கடனைத் தீர்ப்பவர் அவனை எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதிய சீட்டு அது. 1921இல் அம்முறை ஒழிக்கப்பட்டது.

1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தின் பின் எம்மவருட் பெரும்பாலோர்க்குத் தோட்டத்துப் புத்தகத்திலே பேர் இருந்தது, வாக்காளர் இடாப்பில் இல்லை. 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் விதி 1974இல் பாதிபாதியாக முடிவாயிற்று. தலைமன்னாரிலிருந்து கப்பலேறிய குடும்பங்களிற் பல நீலகிரியில் கோத்தகிரி, கூடலூர்ப் பக்கங்களிற் குடியேறின. வாய்மொழியை மட்டும் எந்தச் சுங்கத்திலும் எவரும் நிறுத்தவில்லை.

ஏட்டிலே ஏறியவை சில உண்டு. நாவலர் பெருமானைத் துணைகொண்டு விவிலியத்தை மொழிபெயர்த்த பேர்சிவல் பாதிரியார் 1843இலேயே யாழ்ப்பாணத்தில் ஒரு பழமொழித் தொகுதி வெளியிட்டார். தோட்டத்துப் பேச்சைத் துரைமார் கற்பதற்கென்று 1915இல் ஒரு கைந்நூல் கொழும்பில் வெளிவந்தது. ஏவல் இடுவோர்க்கென எழுந்த நூலில் ஏவப்பட்டோரின் நகைச்சுவையை எதிர்பார்க்க முடியுமா? மலைநாட்டுப் பாடல்களைத் திரட்டி நூலாக்கிய பெருமை சி. வி. வேலுப்பிள்ளை அவர்களைச் சாரும். அதுபோலப் பழமொழிகளையும் எங்கள் வீடுகளிலிருந்தே திரட்டவேண்டும்.

இதற்கு முதல் தடை வெட்கம். அம்மாயி ‘காம்பரா’ என்று சொன்னால், ‘அறை என்று சொல்லுங்க அம்மாயி’ என்று பேரன் திருத்துகிறான். காம்பரா போர்த்துக்கேயச் சொல் என்பது மெய். ஆனால் படித்த யாழ்ப்பாணத்துப் பெரியவர்கள் வாயில் வழங்கிய ‘கந்தோர்’ ஒல்லாந்தச் சொல். அதைத் திருத்த எவரும் முன்வந்ததில்லை! கங்காணி, கணக்கப்பிள்ளை என்னும் எமது சொற்களையோ சிங்கள அயலவரும் எடுத்து வழங்குகின்றனர்.

எழுத முன்வரும் இளைஞர்களுக்கு ஒரு குறிப்பு. மொழியை மட்டும் எழுதாமல், அதைச் சொன்னவரை வீட்டில் எப்படி அழைக்கிறீர்கள் என்பதையும் பக்கத்திலே குறித்துக்கொள்ளுங்கள். அம்மாயி, அப்பாயி, அப்புச்சி, அம்மம்மா என்று வீட்டுக்கு வீடு அழைப்பு வேறுபடும். முன்னோர் ஊர்ப் பெயர் மறந்துபோன குடும்பத்திலும், எந்தச் சீமையிலிருந்து வந்தார்கள் என்பதற்கு அந்த அழைப்பு ஓரளவு துப்புத் தரும்.