மூணு ரூபாயும் ஒரு பழைய அட்லசும்

லண்டன் ஹீத்ரோவிலிருந்து பாரிஸ் சார்ல்ஸ் டிகால் விமான நிலையத்துக்கு சுமார் 350 கிலோமீட்டர், ஒண்ணேகால் மணி நேரம். அக்கா பையன் போனில் தட்டி ஒரே நொடியில சொல்லிட்டான். எனக்கு எங்க ஊருக்கு வந்த ஒரு பயணம்தான் ஞாபகம் வந்தது. மதுரையிலிருந்து திருவண்ணாமலைக்குக் காக்கா பறக்கிற தூரம் அதைவிடக் குறைச்சல், 275 கிலோமீட்டர் இருக்கும். ஆனா ஆனது மூணு நாள்!

1896 ஆகஸ்ட் 29, சனிக்கிழமை. வேங்கடராமனுக்கு (பிற்பாடு ரமண மகரிஷி) அப்போ 16 வயசு. அண்ணனோட காலேஜ் ஃபீஸ் அஞ்சு ரூபாயில மூணை மட்டும் எடுத்துக்கிட்டு, ரெண்டை ஒரு கடுதாசியோட வெச்சுட்டுக் கிளம்பினார். அதுக்கு முன்னாடி ஒரு பழைய அட்லசைப் புரட்டிப் பார்த்திருக்கார். திருவண்ணாமலைக்குக் கிட்டத்துல இருக்கிற ஸ்டேஷன் திண்டிவனம்னு போட்டிருந்தது. அட்லஸ் அச்சான பிறகு விழுப்புரத்திலிருந்து எங்க ஊர் வழியா ரயில் பாதையே வந்தாச்சு. அது அவருக்குத் தெரியாது.

ஸ்டேஷனுக்குப் போனதே லேட்டு. நல்லவேளை, ரயிலும் லேட்டு. (நம்ம ரயில்வேயால நடந்த நல்ல காரியம்!) கட்டணப் பலகையில திண்டிவனத்துக்கு 2 ரூபாய் 13 அணா. டிக்கெட் வாங்கிட்டார். அதே பலகையில இன்னும் கொஞ்சம் கீழே பார்த்திருந்தா திருவண்ணாமலைன்னே எழுதியிருந்திருக்கும். கட்டணம் சரியா மூணு ரூபாய்! கையில இருந்ததும் அதேதான். எத்தனை தடவை படிச்சாலும் இந்த இடத்துல எனக்கு மனசு அடிச்சுக்கும்.

வண்டியில கூட வந்த மௌல்வி ஒருத்தர்தான், விழுப்புரத்துல இறங்கி வண்டி மாறணும்னு சொன்னார். விடிகாலை மூணு மணிக்கு விழுப்புரம். மதுரையிலிருந்து 15 மணி நேரம்! விருத்தாசலம் வழியா போற கார்டு லைன் அப்போ கிடையாது. தஞ்சாவூர், மாயவரம்னு சுத்தித்தான் வரணும். வைகை எக்ஸ்பிரஸ் இன்னிக்கு அஞ்சு மணி நேரத்துல வந்துடுது.

கையில ரெண்டரை அணா. ஓட்டல்காரர் சாப்பாட்டுக்குக் காசு வாங்கலை. மீதிக் காசுக்கு மாம்பழப்பட்டு வரைக்கும்தான் டிக்கெட் கிடைச்சது. அங்கிருந்து பத்து மைல் நடை, அறையணிநல்லூர் கோயிலுக்கு. அப்புறம் கீழூர். பசியில மயங்கினவருக்குக் கோயில் மேளக்காரர் தன் பங்கு சோத்தைக் கொடுத்தார்.

மறுநாள் கோகுலாஷ்டமி. முத்துகிருஷ்ண பாகவதர் வீட்டுல வயிறு நிறையச் சாப்பாடு. 20 ரூபாய் பெறுமான கடுக்கனை அவர்கிட்ட அடகு வெச்சு நாலு ரூபாய் வாங்கினார். அடகுச் சீட்டைக் கிழிச்சுப் போட்டுட்டார். திரும்பி வர்ற எண்ணம் இருந்தாத்தானே சீட்டு வேணும்! ராத்திரி ஸ்டேஷன்லயே படுத்து, செப்டம்பர் 1 காலையில எங்க ஊர்ல வந்து இறங்கினார். நேரே கோயிலுக்கு. 1950ல சமாதி ஆகிற வரைக்கும் ஊரை விட்டு அசையலை.

அட்லஸ் சொன்ன அந்தத் திண்டிவனத்திலிருந்து எங்க ஊருக்கு நேர் ரயில் பாதை போட 2006-07ல அனுமதி கொடுத்தாங்க. செஞ்சி வழியா சுமார் 70 கிலோமீட்டர். இன்னும் முடிஞ்சபாடில்லை :-)