ஒளி மருந்தான வரலாறு

கண் என்பது ஒளியைக் காண்பதற்கென்றே அமைந்த உறுப்பு. அவ்வொளியையே மருந்தாக்கிக் கண்ணின் நோயைத் தணிக்க மனிதன் கற்றுக்கொள்ள ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பிடித்தது. அந்த வரலாற்றை இங்குச் சுருக்கமாகக் காண்போம்.

1866-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் புகழ்பெற்ற கண் மருத்துவர் ஆல்பிரெக்ட் ஃபான் கிரேஃபே ஒரு நோயை விவரித்தார். விழித்திரையின் நடுப்பகுதியின் அடியில் நீர் கோத்துக்கொள்கிறது. உற்று நோக்கினால் நடுவே நிழல் படிகிறது; நேர்கோடு வளைந்து தெரிகிறது. பலருக்குச் சில மாதங்களில் நீர் தானே வற்றிவிடும். சிலருக்கோ விழித்திரைக்குப் பின்னுள்ள இரத்தக்குழாய்ப் படலத்திலிருந்து கசிவு ஓயாது. ஒளியை உணரும் உயிரணுக்கள் மெல்ல மெல்ல மடியும். அந்நோய்க்கு அக்காலத்தில் தக்க மருந்து இல்லை.

மருந்தின் விதை வேறோரிடத்தில் விழுந்தது. மியூனிக் நகரில் பேராசிரியர் தப்பைனரிடம் பயின்ற ஆஸ்கர் ராப் என்னும் மாணவர், அக்ரிடின் என்னும் பொருளை நுண்ணுயிர்களின்மீது சோதித்துவந்தார். ஒரே அளவு மருந்து ஒரு நாள் விரைவாகவும் மற்றொரு நாள் தாமதமாகவும் அவற்றைக் கொன்றது. காரணம் மருந்தன்று, அறையில் விழுந்த வெளிச்சமே என்று அவர் கண்டார். 1900-இல் அம்முடிவு வெளியாயிற்று. இச்செயலுக்கு உயிர்வளியும் வேண்டும் என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

1912-இல் மேயர்-பெட்ஸ் என்னும் ஜெர்மானிய மருத்துவர், ஒளியால் தூண்டப்படும் ஹெமட்டோபார்ஃபிரின் என்ற பொருளில் 200 மில்லிகிராமைத் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார். வெயில் பட்ட முகமும் கைகளும் வீங்கின. அத்துன்பம் இரண்டு மாதத்திற்கு மேல் நீடித்தது. ஒளியின் ஆற்றலுக்கு அவர் உடலே சாட்சியாயிற்று.

இவ்வகைப் பொருள்களுள் ஒன்றே வெர்ட்டிபோர்ஃபின். 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு, முதுமையில் வரும் ஈரவகை விழித்திரைச் சிதைவுக்கு அதை அனுமதித்தது. மருந்தைச் சிரை வழியே செலுத்தி, 689 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு லேசர் ஒளியை 83 விநாடி பாய்ச்சுவர். ஒளி பட்ட இடத்தில் மட்டும் தீய இரத்தக்குழாய்கள் அடைபடும். 609 நோயாளிகள் பங்குகொண்ட பெருஞ்சோதனையில், இரண்டாண்டு முடிவில் பார்வையைப் பெரிதும் இழக்காதவர் சிகிச்சை பெற்றோரில் 53 விழுக்காடு. பெறாதோரில் 38 விழுக்காடு. ஆயினும் இழந்த பார்வையை மீட்டுத் தரும் ஆற்றல் அதற்குக் குறைவு. 2006-இல் கண்ணுக்குள் செலுத்தும் ரானிபிசுமாப் என்னும் ஊசிமருந்து வந்து, நேர் ஒப்பீட்டில் அதை வென்றது. ஆறே ஆண்டுகளில் அரியணை பறிபோயிற்று.

ஆனால் வரலாறு அத்துடன் முடியவில்லை. கிரேஃபே கண்ட பழைய நோயின் நாட்பட்ட வகைக்கு இம்மருத்துவத்தைச் சிலர் முயன்றனர். மருந்தின் அளவைப் பாதியாகக் குறைத்தாலும் நீர் வற்றியது, தீங்கும் குறைந்தது. 2018-இல் வெளியான ஐரோப்பியச் சோதனையில், ஏழெட்டு மாதங்களுக்குப் பின் நீர் முற்றும் வற்றியவர், பாதி அளவு மருந்துடன் இச்சிகிச்சை பெற்றோரில் 67 விழுக்காடு. நுண்துடிப்பு லேசர் பெற்றோரில் 29 விழுக்காடு.

இனி, நெடுங்காலப் பயன் யாது? பல ஆண்டுகள் தொடர்ந்து நோக்கியபோது, வற்றிய கண்களுட் பெரும்பாலானவை வற்றியே இருந்தன. சிலவற்றில் கசிவு மீண்டது. நீர் அகன்றாலும் மடிந்த உயிரணுக்கள் மீள்வதில்லை. எனவே உலர்ந்த விழித்திரை வேறு, தெளிந்த பார்வை வேறு. நோய் முற்றுமுன் மருத்துவரை நாடியவருக்கே ஒளி முழுப்பயன் தரும்.

மாணவர்களே, ஒரு மருந்தின் மதிப்பை முதல் ஆண்டின் ஆரவாரமும் தீர்மானிப்பதில்லை, முதல் தோல்வியும் தீர்மானிப்பதில்லை. பொறுமையோடு பல்லாண்டு எண்ணிக் கணக்கெடுப்பவரே அதனை அறிவர்.