பழைய டிஸ்க் புதுப் பெட்டியில் ஓடுமா?

போன மாதம் நம் குடியிருப்பில் நடந்த மின்கழிவு சேகரிப்பில் நானும் ஒரு தன்னார்வலன். கிளப் ஹவுஸ் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தோம். பழுதான மிக்ஸி, உடைந்த ரிமோட், எதற்கென்றே தெரியாத சார்ஜர்கள் என்று வந்துகொண்டே இருந்தன. மதியம் சி பிளாக் நண்பர் ஒருவர் ஓர் அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். உள்ளே கறுப்பு நிற பிளேஸ்டேஷன் 2, இரண்டு கன்ட்ரோலர்கள், பத்துப் பன்னிரண்டு டிஸ்க்குகள். எல்லாவற்றுக்கும் மேலே 'கிரிக்கெட் 07'.

பக்கத்தில் சைக்கிளோடு நின்ற பையன் அந்த டிஸ்க்கை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஆறாம் வகுப்பு படிப்பான் என்று நினைக்கிறேன். “அங்கிள், எங்க வீட்ல பிஎஸ்5 இருக்கு. இதை அதுல போட்டா ஓடுமா?” என்றான்.

“ஓடாதுப்பா.”

“ரெண்டும் ஒரே கம்பெனிதானே? அப்புறம் ஏன் ஓடாது?”

கியூவில் நாலு பேர் நின்றார்கள், அப்போது பதில் சொல்ல நேரமில்லை. கேள்வி மட்டும் மனதில் நின்றுவிட்டது. வீட்டில் பிள்ளைகளுக்குக் கேம் கன்சோல் வாங்கிக் கொடுத்தவர்களும், வாங்கலாமா என்று யோசிப்பவர்களும் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் பயன்படும் என்று அந்தப் பதிலை இங்கே எழுதுகிறேன்.

பாட்டு சிடி வேறு, கேம் டிஸ்க் வேறு

இளையராஜா பாட்டு சிடியை எந்தக் கம்பெனி பிளேயரில் போட்டாலும் பாடும். சிடி எப்படி இருக்க வேண்டும் என்று உலகம் முழுவதற்கும் ஒரே விதி இருக்கிறது. கேம் டிஸ்க்குக்கு அப்படிப் பொதுவிதி கிடையாது. அதில் இருப்பது ஒரு குறிப்பிட்ட சிப்புக்கு எழுதப்பட்ட கட்டளைகள். சிப் மாறிவிட்டால் அந்தக் கட்டளைகள் புதுப் பெட்டிக்குப் புரியாத மொழியாகிவிடும்.

புரியவைக்க மூன்று வழிகள் உண்டு. பழைய சிப்பையும் புதுப் பெட்டிக்குள் வைத்துவிடலாம். புது சிப்பைப் பழைய சிப்பின் வம்சத்திலேயே தேர்ந்தெடுக்கலாம். இல்லையென்றால் பழைய பெட்டியைப் போலவே நடிக்கும் ஒரு மென்பொருளை எழுதலாம். இந்த மூன்றாவது வழிக்குத்தான் எமுலேஷன் என்று பெயர். மூன்றுக்கும் செலவு ஆகும். அந்தச் செலவை எந்தக் கம்பெனி எப்போது ஏற்றது, எப்போது கைவிட்டது என்பதுதான் இந்தக் கதை.

போட்டியாளர் வீட்டில் ஓடிய அட்டாரி

1977இல் அமெரிக்காவில் வந்த அட்டாரி 2600தான் கார்ட்ரிட்ஜ் மாற்றி விளையாடும் பழக்கத்தை வீடுகளில் பரப்பியது. ஐந்து வருடம் கழித்து, 1982இல், அட்டாரி 5200 என்று புதிய பெட்டியைக் கொண்டுவந்தார்கள். படம் நன்றாக இருந்தது. ஆனால் மக்கள் ஏற்கெனவே வாங்கி அடுக்கி வைத்திருந்த 2600 கார்ட்ரிட்ஜ்கள் அதில் நுழையவில்லை.

அதே வருடம் கோலிகோ என்ற போட்டிக் கம்பெனி கோலிகோவிஷன் என்ற பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கூடவே ஓர் இணைப்புக் கருவியும் விற்றது. அதை மாட்டினால் அட்டாரி 2600 கார்ட்ரிட்ஜ்கள் கோலிகோ பெட்டியில் ஓடும்! அட்டாரியின் பழைய கேம்கள் அட்டாரியின் புதுப் பெட்டியில் ஓடாமல், எதிரியின் பெட்டியில் ஓடின. அட்டாரி வழக்குப் போட்டது, பிறகு சமரசம் ஆனது. 5200க்கும் அப்படி ஓர் இணைப்பைப் பின்னர் கொண்டுவந்தார்கள். ஆனால் அமெரிக்க வீடியோ கேம் சந்தையே 1983இல் சரிந்துவிட்டது. 5200 இரண்டே வருடத்தில் நிறுத்தப்பட்டது. அடுத்த பெட்டியான 7800இல் 2600 கேம்கள் நேரடியாக ஓடும்படி செய்தார்கள். 1986இல் அது பரவலாகக் கடைக்கு வந்தபோது நின்டெண்டோ வீடுகளுக்குள் புகுந்துவிட்டிருந்தது.

நின்டெண்டோவின் இரண்டு முகங்கள்

டிவியில் மாட்டும் பெட்டிகளில் நின்டெண்டோ இந்த விஷயத்தில் கறாராக இருந்தது. முதல் பெட்டி, என்இஎஸ், 6.19 கோடி விற்றது. அடுத்து ஜப்பானில் 1990இலும் அமெரிக்காவில் 1991இலும் வந்த சூப்பர் நின்டெண்டோவில் பழைய கார்ட்ரிட்ஜ்கள் ஓடவில்லை. அதன் சிப், பழைய சிப்பின் வம்சம்தான். ஆனாலும் அந்த வசதி பெட்டியில் வரவில்லை. அது 4.91 கோடி விற்றது.

கையில் வைத்து ஆடும் சிறிய பெட்டிகளில் அதே கம்பெனி நேர்மாறாக நடந்துகொண்டது. 1989இல் கேம் பாய் வந்தது. 1998இல் வந்த கேம் பாய் கலரில் பழைய கார்ட்ரிட்ஜ்கள் ஓடின. 2001இல் கேம் பாய் அட்வான்ஸ் வந்தபோது, புதிய சிப்புக்குப் பக்கத்திலேயே பழைய வகை சிப்பையும் வைத்தார்கள். 1989இல் வாங்கிய 'டெட்ரிஸ்' 2001இலும் ஓடியது. முதல் இரண்டும் சேர்ந்து 11.8 கோடிக்கு மேல் விற்றன, அட்வான்ஸ் 8.1 கோடி. அடுத்து 2004இல் வந்த நின்டெண்டோ டிஎஸ் பெட்டியில் அட்வான்ஸ் கார்ட்ரிட்ஜுக்கென்று தனித் துளையே இருந்தது. அது 15.4 கோடி விற்றது.

பழைய சிப்புக்குப் புது வேலை

இப்போது நம் அட்டைப் பெட்டிக்கு வருவோம். சோனியின் முதல் பிளேஸ்டேஷன் 1994 டிசம்பரில் ஜப்பானில் வந்து, மொத்தம் 10 கோடிக்கு மேல் விற்றது. இரண்டாவது பெட்டி 2000 மார்ச்சில் வந்தது. அதில் சோனி செய்த வேலை எனக்கு மிகவும் பிடித்தது. பிஎஸ்1இன் மூளையாக இருந்த அதே சிப்பைப் பிஎஸ்2க்குள் வைத்தார்கள். பிஎஸ்2 கேம் ஓடும்போது கன்ட்ரோலர், மெமரி கார்டு போன்றவற்றைக் கவனிக்கும் குமாஸ்தா வேலை அதற்கு. பிஎஸ்1 டிஸ்க் போட்டால், எழுந்து தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்துவிடும். ஒரே சம்பளத்தில் இரண்டு வேலை!

இதனால் என்ன லாபம்? எந்தப் புதுக் கன்சோல் வந்தாலும் முதல் வருடம் அதற்குக் கேம்கள் குறைவாகத்தான் இருக்கும். பிஎஸ்2 வாங்கியவருக்கு அந்தக் கவலை இல்லை. வீட்டிலிருந்த பிஎஸ்1 டிஸ்க்குகள் ஏறக்குறைய எல்லாமே முதல் நாளே ஓடின. கூடவே டிவிடி படமும் பார்க்கலாம். பிஎஸ்2 மொத்தம் 15.5 கோடிக்கு மேல் விற்றது.

2006 நவம்பரில் பிஎஸ்3 வந்தது. தொடக்கத்தில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் விற்ற பெட்டிகளில் பிஎஸ்2இன் முக்கிய சிப்கள் உள்ளே இருந்தன. ஆனால் இம்முறை அவற்றுக்கு வேறு வேலை கிடையாது. பழைய கேம் ஓட்ட மட்டுமே இருந்தன. பெட்டியோ ஏற்கெனவே விலை அதிகம். அமெரிக்காவில் 60 ஜிபி மாடல் 599 டாலர். அப்படியும் சோனிக்கு ஒவ்வொரு பெட்டியிலும் நஷ்டம். செலவைக் குறைக்க வேண்டும் என்றதும் முதலில் கத்தி விழுந்தது இந்தச் சிப்கள் மேல்தான். 2007 மார்ச்சில் வந்த ஐரோப்பியப் பதிப்பில் ஒரு சிப் போய், பாதி வேலையை மென்பொருள் செய்தது. அந்த வருடக் கடைசியில் வந்த 40 ஜிபி மாடலில் பிஎஸ்2 டிஸ்க் ஓடவே இல்லை. பிஎஸ்3க்கே போதுமான கேம்கள் வந்துவிட்டன என்பது சோனி சொன்ன காரணங்களில் ஒன்று.

2006 இறுதியில் வந்த 'கிரிக்கெட் 07' கம்ப்யூட்டருக்கும் பிஎஸ்2க்கும் மட்டுமே வெளியானது. ஹைதராபாத்தில் உருவாகி 2009இல் வெளிவந்த 'ஹனுமான்: பாய் வாரியர்' என்ற நம் நாட்டுக் கேமும் பிஎஸ்2க்குத்தான். அந்த டிஸ்க்குகளை இன்று பிஎஸ்4இலோ பிஎஸ்5இலோ போட்டால் ஓடாது. பையனின் கேள்விக்கு நேரடிப் பதில் இதுதான். ஓட வைக்கவே முடியாது என்பதில்லை. அதற்கான செலவை ஏற்க வேண்டாம் என்று 2007இல் ஒரு முடிவு எடுத்தார்கள்.

கேட்பவர் பலர், ஆடுபவர் சிலர்

அந்த முடிவு வியாபாரத்தில் தவறா என்றால், அடித்துச் சொல்ல முடியாது. நின்டெண்டோவின் வீ யூ பெட்டியில் முந்தைய வீ கேம்கள் ஏறக்குறைய எல்லாம் ஓடின. வீ 10 கோடிக்கு மேல் விற்றிருந்தது. வீ யூ 1.35 கோடியோடு நின்றுவிட்டது. அடுத்து 2017இல் வந்த ஸ்விட்ச்சில் பழைய டிஸ்க் எதுவும் ஓடாது, போடவும் இடமில்லை. அது 15 கோடியைத் தாண்டியது. வீ யூவில் 2014இல் வந்த 'மரியோ கார்ட் 8', ஸ்விட்ச்சுக்கு 'டீலக்ஸ்' என்ற பெயரில் மீண்டும் வந்து 6 கோடிக்கு மேல் விற்றது. பழைய டிஸ்க் ஓடியிருந்தால், வீ யூ வைத்திருந்தவர்களில் எத்தனை பேர் மறுபடி காசு கொடுத்திருப்பார்கள்?

2013இல் எக்ஸ்பாக்ஸ் ஒன் வந்தபோது முந்தைய எக்ஸ்பாக்ஸ் 360 கேம்கள் அதில் ஓடவில்லை. அப்போதைய தலைவர் டான் மேட்ரிக், பின்னோக்கிப் பார்ப்பது பின்தங்கிய எண்ணம் என்கிற பொருளில் பேசினார். இரண்டே வருடத்தில் அதே கம்பெனி மனம் மாறி, எமுலேஷன் எழுதி, 2015 நவம்பரில் நூற்றுச் சொச்சம் பழைய கேம்களை ஓட வைத்தது. டிஸ்க் வைத்திருந்தவர்களிடம் அதற்குத் தனிக் காசு வாங்கவில்லை. 2017இல் சோனியின் ஜிம் ரயன், இந்த வசதியை நிறையப் பேர் கேட்கிறார்கள், ஆனால் அதிகம் பயன்படுத்துவதில்லை என்றார்.

அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் நம் பிளாக்குகளில் லிஃப்ட் ஓடும்போது படியில் ஏறுகிறவர்கள் எத்தனை பேர்? அதற்காகப் படிக்கட்டு வீண் என்று எந்தப் பொதுக்குழுவிலும் நாம் தீர்மானம் போட்டதில்லை.

படிக்கட்டு இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளிவந்த கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 2023இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. டிஸ்க் இல்லாமல் இணையத்தில் வாங்கும் கேம்களின் கதியும் இதுதான். வீ யூ, 3டிஎஸ் பெட்டிகளின் இணையக் கடையை நின்டெண்டோ 2023 மார்ச் 27இல் மூடியது. அன்றோடு அங்கே புதிதாக எதையும் வாங்க முடியாமல் போனது.

நல்ல செய்தியும் உண்டு. பிஎஸ்4, பிஎஸ்5 இரண்டும் ஒரே வம்சச் சிப் என்பதால், பிஎஸ்4 கேம்கள் ஏறக்குறைய எல்லாமே பிஎஸ்5இல் ஓடுகின்றன. 2025 ஜூன் 5இல் வந்த ஸ்விட்ச் 2இல் பழைய ஸ்விட்ச் கேம்களில் பெரும்பாலானவை ஓடும். முதல் நான்கு நாளில் அது 35 லட்சம் விற்றது. இன்று பலருடைய கேம்கள் அவர்களுடைய கணக்கில், இணையத்தில் இருக்கின்றன. அவற்றை அடுத்த பெட்டிக்குக் கூட்டிப்போகாவிட்டால் வாடிக்கையாளர் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார் என்ற பயம் கம்பெனிகளுக்கும் வந்திருக்கிறது.

ஆகவே கன்சோல் வாங்கும்போது கடைக்காரரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். வீட்டில் இருக்கும் கேம் இதில் ஓடுமா? டிஸ்க் போடும் வசதி உள்ள மாடலா? டிஸ்க் டிரைவ் இல்லாத மாடல் விலை குறைவு. ஆனால் அலமாரியில் இருக்கும் டிஸ்க்குகள் அதற்கு வெறும் பிளாஸ்டிக்தான்.

அந்த அட்டைப் பெட்டி

சேகரிப்பு முடிந்த மாலை, போடுவதற்கு முன் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாமா என்று நண்பரைக் கேட்டேன். கிளப் ஹவுஸ் டிவியில் மஞ்சள், சிவப்பு, வெள்ளைப் பின் குத்தும் துளைகளே இல்லை. பெட்டிக்கும் டிவிக்கும் ஒத்துப்போகவில்லை! ஏ பிளாக்கிலிருந்து ஒருவர் பழைய டிவி ஒன்றைத் தூக்கி வந்தார். பிஎஸ்2 விழித்ததும் தேதியும் நேரமும் கேட்டது. உள்ளே கடிகார பேட்டரி செத்திருக்க வேண்டும். மெமரி கார்டு மட்டும் எதையும் மறக்கவில்லை. 'கிரிக்கெட் 07'இல் பாதியில் நின்ற ஒரு தொடர் அப்படியே இருந்தது. சேமித்த தேதி 2009 மே மாதம். நண்பரின் மகன் ஆடியது.

நண்பர் அதைப் போனில் படம் எடுத்து மகனுக்கு அனுப்பினார். பத்து நிமிடத்தில் பதில் வந்தது: “தூக்கிப் போட்டுடாதீங்கப்பா.”

பெட்டி இப்போது கிளப் ஹவுஸ் அலமாரியில் இருக்கிறது, பழைய டிவியோடு. சைக்கிள் பையன் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து ஆடுகிறான். அந்தத் தொடரை மட்டும் தொடக் கூடாது என்று அவனிடம் சொல்லி வைத்திருக்கிறோம்.