சாட்சி சொல்லும் பாட்டு

உபாகமத்தின் 31-ஆம் அதிகாரத்தில் மோசேயின் மரண நாள் நெருங்குகிறது. யோர்தானைக் கடந்து கானானுக்குள் போகவிருக்கும் இஸ்ரவேலர், அங்கே வயிறு நிறைந்ததும் வேறு தெய்வங்களைத் தேடிப் போவார்கள் என்று கர்த்தர் முன்னதாகவே சொல்லிவிடுகிறார். ஒரு பாட்டை எழுதி மக்களுக்குக் கற்றுக்கொடுக்கும்படி கட்டளையும் இடுகிறார். துன்பம் வரும் நாளில் அந்தப் பாட்டு அவர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லும். பாடுகிறவர் மேலேயே குற்றம் சுமத்தும் பாட்டைத் தன் வேதத்தின் நடுவில் வைத்துக் காத்த சமூகம் அரிது.

நியாயப்பிரமாணப் புத்தகமும் இதே அதிகாரத்தில் சாட்சியாக உடன்படிக்கைப் பெட்டியின் பக்கத்தில் வைக்கப்படுகிறது. அப்படியானால் பாட்டு எதற்கு? புத்தகம் லேவியரின் காவலில் இருந்தது. ஏழு ஆண்டுக்கு ஒருமுறை, கூடாரப் பண்டிகையில், மக்கள் கேட்க வாசிக்கப்பட வேண்டும் என்பது விதி. பாட்டுக்குக் காவலும் வேண்டாம், பண்டிகையும் வேண்டாம். சந்ததியின் வாயிலிருந்து அது மறந்துபோகாது என்பதுதான் கட்டளையில் சொல்லப்படும் காரணம்.

32-ஆம் அதிகாரத்தில் வரும் பாட்டு வானத்தையும் பூமியையும் அழைத்துத் தொடங்குகிறது. பழைய ஹித்தைத்து உடன்படிக்கைகளிலும் தெய்வங்களோடு வானமும் பூமியும் மலைகளும் ஆறுகளும் சாட்சிகளாக நிறுத்தப்பட்டதை நினைத்தால், இது வழக்குமன்ற நடை என்பது விளங்கும். பிறகு வழக்கின் விவரம்: பாழ்நிலத்தில் கண்டெடுத்து, கழுகு குஞ்சுகளைச் சுமப்பதுபோல் சுமந்து, தேனும் எண்ணெயும் ஊட்டிய கடவுளை, கொழுத்துப்போன மக்கள் உதைத்தார்கள். தண்டனையும், கடைசியில் இரக்கமும் தொடர்கின்றன. கடவுளுக்குக் கன்மலை என்ற பெயர் பாட்டு முழுவதும் திரும்பத் திரும்ப வருகிறது. இயற்றப்பட்ட காலம் பற்றி ஆய்வாளரிடையே ஒருமித்த கருத்தில்லை.

பாட்டில் நினைவைப் பூட்டிவைக்கும் வழக்கம் இதோடு நிற்கவில்லை. நியாயாதிபதிகள் 5-இல் தெபொராளின் பாட்டு, போருக்கு வந்த கோத்திரங்களோடு வராமல் ஆட்டுத்தொழுவத்தில் உட்கார்ந்திருந்த ரூபனையும் பெயர் சொல்லியே பதிவு செய்கிறது. சவுலுக்கும் யோனத்தானுக்கும் தாவீது பாடிய புலம்பலை யூதா மக்களுக்குக் கற்பிக்க ஆணை பிறந்தது. 78, 106-ஆம் சங்கீதங்கள் முன்னோரின் தவறுகளை வரிசையாகவே பாடுகின்றன.

மோசேயின் ஐந்து நூல்கள் அடங்கிய தோராச் சுருளில் பெரும்பாலான பகுதிகள் உரைநடையாக ஓட, மோசேயின் இந்தப் பாட்டு நடுவில் வெள்ளை இடைவெளி விட்டு இரு பத்திகளாக எழுதப்படுகிறது. ஒரு கருத்தை இரு பாதங்களில் சொல்லும் எபிரேயக் கவிதையின் அமைப்பு கண்ணுக்கே தெரியும். சுமார் 930-இல் எழுதப்பட்ட எபிரேய வேதச் சுவடியான அலெப்போ சுவடியில் இது 67 வரிகள். 12-ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடிஸ் வகுத்த கணக்கும் அதுவே. அலெப்போ நகரில் 1947-இல் நடந்த கலவரத்துக்குப் பின் அந்தச் சுவடியின் தோராப் பகுதியில் பெரும்பாலானவை காணாமல் போயின. உபாகமத்தின் கடைசி ஏடுகள் தப்பின; அவற்றில் இந்தப் பாட்டும் இருக்கிறது.

எருசலேம் ஆலயத்தில் ஓய்வுநாள் கூடுதல் பலியின்போது லேவியர் இதை ஆறு கூறுகளாகப் பிரித்து, வாரத்துக்கு ஒன்றாகப் பாடினர் என்று தால்முத் கூறுகிறது. கி.பி. 70-இல் ஆலயம் அழிந்தது. ஆனாலும் ஆண்டுதோறும் பாவநிவாரண நாளையொட்டி யூதத் தொழுகைக்கூடங்களில் இது வாசிக்கப்படும்போது அந்த ஆறு பிரிவுகளே இன்றும் பின்பற்றப்படுகின்றன.