இல்லாத பணத்துக்காக ஒரு கலகம்

வரவுசெலவு அறிக்கை என்பதும் ஒரு பிரதிதான். அதற்கும் ஆசிரியன் உண்டு, வாசகன் உண்டு, 'இது மெய்' என்று முத்திரை குத்தித் தருகிற புரோகிதர்கள் உண்டு. கதைகளையும் கவிதைகளையும் கட்டுடைத்து வாசிக்கப் பழகிய நாம் இந்தப் பிரதியை மட்டும் 'காசுள்ளவன் சமாச்சாரம், நமக்கென்ன' என்று தள்ளிவைத்துவிடுகிறோம். இது அதிகாரத்துக்கு ரொம்பவும் சௌகரியமான காரியம் என்பது என் எண்ணம். ஐதராபாத் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் விவகாரத்தை முன்வைத்து இதைப் பேசிப் பார்க்கலாம்.

1987இல் தொடங்கி, 2001இல் நியூயார்க் பங்குச் சந்தைவரை போன நிறுவனம் அது. 2008 டிசம்பர் 16 அன்று அதன் இயக்குநர் குழு ஒரு முடிவெடுத்தது. தலைவர் ராமலிங்க ராஜுவின் மகன்கள் நடத்திவந்த இரண்டு மேய்டாஸ் கம்பெனிகளைச் சுமார் 160 கோடி டாலருக்கு வாங்குவது என்பதே அந்த முடிவு. ஒன்று நிலபுலன், மற்றது கட்டுமானம். (சத்யம் என்பதன் ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் போட்டால் மேய்டாஸ். பெயரிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள், நாம்தான் வாசிக்கவில்லை.) பங்குதாரர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 'எங்க பணத்த எடுத்து உங்க வீட்டுக் கம்பெனியை வாங்குறீங்களா?' என்று முதலீட்டு நிறுவனங்கள் கொதித்தன. நியூயார்க்கில் பங்கின் விலை பாதிக்கும் கீழே சரிந்தது. சில மணி நேரத்திலேயே முடிவு வாபஸ். பங்குதாரர் ஜனநாயகம் ஜெயித்துவிட்டதாக வணிக உலகம் மகிழ்ந்தது.

மூன்றே வாரம்தான். 2009 ஜனவரி 7 அன்று ராஜு இயக்குநர் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஏடுகளில் இருக்கிற ரொக்கமும் வங்கி இருப்பும் 5,361 கோடி ரூபாய். அதில் 5,040 கோடி கிடையாது. வரவேண்டிய வட்டி 376 கோடி, அதுவும் கிடையாது. காட்டாமல் விட்ட கடன் 1,230 கோடி. செப்டம்பர் காலாண்டில் 649 கோடி என்று காட்டிய இயக்க லாபம் உண்மையில் 61 கோடி. அன்று ஒரே நாளில் பங்கின் விலையில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் கரைந்தது.

அந்தக் கடிதத்தில் அதிகம் பேசப்படாத ஓரிடம் உண்டு. மேய்டாஸ் பேரம் என்பது பொய்ச் சொத்துகளின் இடத்தில் மெய்ச் சொத்துகளை வைப்பதற்கான கடைசி முயற்சி என்கிறார் ராஜு. அவர் சொல்வதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் அதன் பொருளை யோசித்துப் பாருங்கள். டிசம்பர் 16இல் பங்குதாரர்கள் போர்க்கொடி தூக்கியது பெட்டியிலிருக்கிற பணத்தைக் காப்பாற்ற. பெட்டியில் பணமே இல்லை. குடும்ப நலனுக்காகப் பொதுப் பணத்தை எடுக்கக்கூடாது என்ற அவர்களுடைய கோபம் நியாயமானது, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்தக் கோபம் பிரதியின் உள்ளேயே நின்றது என்பதுதான் விஷயம். பணத்தை என்ன செய்யலாம் என்று சண்டை போட்டார்கள். பணம் இருக்கிறதா என்று கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை? கேட்க வேண்டாம் என்று சொல்வதற்கென்றே ஓர் ஏற்பாடு இருந்தது. மத்தியப் புலனாய்வுத் துறை கண்டெடுத்த போலி விலைப்பட்டியல்கள் மட்டும் 7 ஆயிரத்துக்கும் மேல். வைப்புநிதி ரசீதுகள் போலி. தணிக்கை செய்தது உலகப் பெரும் பெயர்களில் ஒன்றான பிரைஸ் வாட்டர்ஹவுஸ். வங்கிகளிடம் நேரடியாகக் கேட்டிருந்தால் விஷயம் சந்திக்கு வந்திருக்கும். இயக்குநர் குழுவில் ஹார்வர்ட் பேராசிரியர், வணிகக் கல்லூரித் தலைவர். 2008 செப்டம்பரில் நிர்வாக ஒழுங்குக்காக 'தங்க மயில்' விருது வேறு. இல்லாத வட்டிக்கு வரிகூடக் கட்டியிருக்கிறார்கள். பொய்யை நிஜமாக்க அரசுக்கே நிஜப் பணம்!

இதே நேரத்தில் வெளியிலிருந்து ஒருவர் வேறு மாதிரி வாசித்தார். ஐதராபாத் மெட்ரோ ரயில் ஒப்பந்தம் மேய்டாஸ் தலைமையிலான கூட்டுக்குப் போனது. அதோடு சேர்த்துப் பொது நிலம் போகிறதே என்று 2008 செப்டம்பரில் டில்லி மெட்ரோவின் ஈ. ஸ்ரீதரன் எழுத்திலேயே எச்சரித்தார். ஆந்திர அரசு அவர் மேல்தான் பாய்ந்தது. 2009இல் அந்த ஒப்பந்தம் ரத்தானது. ஸ்ரீதரன் கண்ணில் பட்டது நிலம். சந்தையின் கண்ணில் பட்டது விலை மட்டும்.

'பங்குதாரர்' என்று ஒருமையில் பேசுவதே ஏமாற்று. நியூயார்க்கில் வாங்கியவர்கள் கூட்டு வழக்குப் போட்டார்கள். 2011இல் சத்யம் 12.5 கோடி டாலரும் தணிக்கையாளர்கள் 2.55 கோடி டாலரும் தர ஒப்புக்கொண்டார்கள். இங்கே வாங்கிய சிறு முதலீட்டாளர்கள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போனார்கள், சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொன்னார்கள். உச்ச நீதிமன்றமும் கைகொடுக்கவில்லை. நம் சட்டத்தில் அப்போது கூட்டு வழக்குக்கு இடமில்லை. 2013 சட்டத்தில் எழுதி, 2016இல்தான் அமலுக்கு வந்தது. இன்னொன்று: சத்யம் கொடுத்த அந்த டாலர்கள் கம்பெனியின் பணம். அதாவது ஏமாந்தும் பங்கை விற்காமல் வைத்திருந்த உள்ளூர்க்காரனின் பங்கும் அதில் இருக்கிறது. ஏமாந்தவனே ஏமாந்தவனுக்கு நஷ்டஈடு கொடுத்த கதை.

பங்கே இல்லாத சுமார் 50 ஆயிரம் ஊழியர்கள் இருந்தார்கள். அடுத்த மாதச் சம்பளம் வருமா என்பது அவர்கள் கேள்வி. அரசு பழைய குழுவைக் கலைத்துப் புதிய குழுவை நியமித்தது, 2009 ஏப்ரலில் டெக் மஹிந்திரா வாங்கியது. இந்த மீட்புக் கதையை வெற்றிக் கதையாகவே சொல்கிறார்கள். வேலைகள் பெருமளவு பிழைத்தன, உண்மைதான். ஆனால் எந்த இடத்திலும் ஊழியனுக்கு ஓட்டு இல்லை. 2015 ஏப்ரலில் ராஜு உள்ளிட்ட 10 பேருக்கு 7 வருடத் தண்டனை. அடுத்த மாதமே தண்டனை நிறுத்திவைக்கப்பட்டு ஜாமீன்.

பங்கு வாங்காத நமக்கு இதில் என்ன என்று நண்பர்கள் கேட்கிறார்கள். சத்யம் பங்குதாரர்களில் எல்ஐசியும் ஒன்று. மாதாமாதம் பிரீமியம் கட்டுகிற வாத்தியாரும் பஸ் கண்டக்டரும் தங்களுக்கே தெரியாமல் அந்தக் கணக்கின் வாசகர்கள். ஓய்வூதியத்தைச் சந்தையில் விட்டபிறகு இந்தக் கூட்டம் இன்னும் பெருத்துவிட்டது. ஆகவே தொழிற்சங்கங்களும் நம்மைப் போன்றவர்களும் கணக்கு வாசிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறேன். லாபத்தில் பங்கு கேட்பது அடுத்த கட்டம். முதலில் அந்த லாபம் எந்த வங்கியில், யார் பெயரில் இருக்கிறது என்று கேட்கிற உரிமை வேண்டும்.